சரிபாத்தாச்சு

“அலாரம் அடிச்சுதா, இல்லையா?”

“அடிச்சுது மேடம். அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. தீயணைப்பு வண்டி வந்து, தண்ணி பீய்ச்சி, எல்லாம் அடங்கற வரைக்கும் அடிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு.”

“அப்புறம் எப்படி ஒரு ஆள் உள்ளேயே செத்தார்?”

அலாரம் மாட்டிய கம்பெனியின் ப்ராஜெக்ட் மேனேஜர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வேர்க்காத நெற்றியைத் துடைக்கிற ஆசாமிகளை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அதுவும் கண்ணெதிரே சுவரெல்லாம் கரி அப்பி, கூரை இரும்பு வளைந்து தொங்கி, நனைந்த பஞ்சு நாற்றம் இன்னும் போகாத தறிக்கூடம் ஒன்று நிற்கும்போது.

செத்தவர் இந்தக் கூடத்தின் ஷிப்ட் இன்சார்ஜ். வாசல் பக்கம் வேலை பார்த்தவர்கள் புகையைக் கண்ணால் பார்த்துவிட்டு ஓடித் தப்பித்தார்கள். அவர் கடைசி வரிசையில் ஒரு தறிக்கு அடியில் குனிந்து பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார். அவர் கிடந்த இடத்துக்கு நேர் மேலே, சுவரில், புத்தம்புதிய தீ அலாரம். தலைக்கு மேலேயே அலறியிருக்கிறது. மனிதர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அந்த அலாரத்தைச் சோதித்து ஓகே சொன்னது யார் தெரியுமா? செத்தவரின் கூடப்பிறந்த அக்கா. அலாரம் மாட்டிக் கொடுத்த கம்பெனியில் டெஸ்டிங் என்ஜினியர். போலீஸ் வந்து கேட்டதுமே, “எல்லாம் நான்தான் செக் பண்ணேன், என் தப்புதான்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நாளைக் காலை கைது.

எங்களைக் கூப்பிட்டது செத்தவரின் மனைவி. “என் நாத்தனார் ஜெயிலுக்குப் போறது நிச்சயம் மேடம். ஆனா ஏன் இப்படிச் செஞ்சாங்கன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். என் மேல இருந்த கோபத்துல அவர் உயிரோட விளையாடினாங்களான்னு தெரிஞ்சாகணும்” என்றாள். அழாமல் சொன்னாள். அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

மேடத்தை எல்லோரும் ஊசி என்பார்கள், முதுகுக்குப் பின்னால். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்யாக நஷ்ட ஈடு கேட்டு வந்தவர்களைக் குத்திக் குத்தி உண்மையை வரவழைத்ததில் கிடைத்த பட்டம். இப்போது தனியாகத் துப்பறிகிறார். என்னை லொடலொட என்பார்கள், முகத்துக்கு நேராகவே. வண்டி ஓட்டுவது, பை தூக்குவது, கேட்காமலே கருத்துச் சொல்வது என் வேலை.

“இந்தத் திட்டத்துல செக் எத்தனை சார்?” என்றார் மேடம்.

“ரெண்டு. சத்தம் ஒப்பந்தத்துல சொன்ன அளவு இருக்கான்னு மீட்டர் வச்சுப் பாக்கறது ஒண்ணு. அது தறி நின்னிருக்கும்போது. இன்னொண்ணு, தறி ஓடும்போது அடிச்சு, வேலை செய்யறவங்க காதுல விழுதான்னு பாக்கறது. முதல்ல, சொன்னபடி செஞ்சிருக்கோமா. அடுத்தது, செஞ்சது உதவுதா. ரெண்டையும் செக் பண்ணியாச்சுன்னு அந்தம்மா டிக் போட்டிருக்காங்க. எங்க கம்பெனி மேல ஒரு துளி தப்பு கிடையாது.”

“அந்தம்மாவும் உங்க கம்பெனிதானே சார்?” என்றேன்.

“போன வாரம் வரைக்கும்,” என்றார் மேனேஜர்.

அடப்பாவி! சவம் வெளியே வந்த கையோடு வேலையை விட்டுத் தூக்கியிருக்கிறான்.

“ரெண்டாவது செக் நடந்தப்போ நீங்க கூட இருந்தீங்களா?” என்று மேடம் விடவில்லை.

“நான் எதுக்கு மேடம்? மில்லு பக்கம் இன்சார்ஜ், எங்க பக்கம் அந்தம்மா. அவங்களுக்குள்ள முடிச்சுக்கணும். என்ன ஒண்ணு, அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஏதோ குடும்பச் சண்டை. அவர் என்கிட்ட சொல்வார், நான் அந்தம்மாகிட்ட சொல்வேன். அந்தம்மா சொல்றதை அவர்கிட்ட சொல்வேன். நடுவுல மாட்டிக்கிட்டு முழிச்சது நான்.”

“ஐயோ பாவம்,” என்றேன். மேடம் என் காலை மிதித்தார்.

“பக்கத்துக் கூடம் ஓடுதுல்ல? அங்கயும் இதே அலாரம்தானே? ஒரு தடவ அடிக்கச் சொல்லுங்க.”

“ஆளுங்ககிட்ட முன்னாடியே சொல்லி வச்சிடணும் மேடம். பதறிடுவாங்க.”

“சொல்ல வேண்டாம். அடிங்க.”

பக்கத்துக் கூடத்தின் கதவைத் திறந்ததும் சத்தம் வந்து மார்பில் இடித்தது. காதில் பஞ்சு வைத்திருந்தும் பல் எல்லாம் அதிர்ந்தது. வரிசை வரிசையாகத் தறிகள் ஓட, நடுவில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். “யம்மாடி!” என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மேடத்துக்கு அது விடுதலையாக இருந்திருக்கும்.

அங்கே ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எல்லாம் கைதான். இரண்டு விரலைச் சேர்த்து வெடுக்கென்று பிரித்தால் நூல் அறுந்துவிட்டது. முழங்கையை இரண்டு தட்டுத் தட்டினால் தறியை நிறுத்து. எங்களைப் பார்த்ததும் ஒருவர் காலரைப் பிடித்து நிமிர்த்திக் காட்ட, வரிசை முழுக்கச் சிரிப்பு பரவியது. பெரிய இடத்து ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று அர்த்தமாம். மேடம் சுவரைப் பார்க்காமல் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அலாரம் எப்போது அடிக்கும் என்று காத்திருந்தேன். சுவரில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு மினுக்கியது. இன்னும் காத்திருந்தேன். மேடம் என் தோளைத் தட்டி வெளியே கூப்பிட்டார். கதவைச் சாத்திய பிறகு, “அடிக்கவே இல்லையே மேடம்?” என்றேன்.

“அடிச்சு முடிச்சாச்சு,” என்றார் மேடம்.

ஒரு ஆள்கூடப் பதறவில்லை. பதற எங்கே, ஒரு ஆள்கூடத் திரும்பவில்லை. அந்த மனிதர் கடைசி வரைக்கும் பெல்ட்டை மாட்டிக்கொண்டு இருந்திருப்பார்.

“இது ரெண்டாவது செக்ல தெரிஞ்சிருக்கணும்,” என்று மேனேஜர் கைக்குட்டையை மடித்தார். “அந்தம்மாதான் ஓகேன்னு சொன்னாங்க. நான் என்ன மேடம் பண்றது?”

*

அக்காவின் வீடு ஒரு மாடியில், ஒற்றைப் படுக்கையறை. கதவைத் திறந்துவிட்டு, நாங்கள் உள்ளே வந்ததும் தாழ் போட்டு, இழுத்து ஒரு தடவை பார்த்தார். வாசலருகே ஒரு துணிப்பை. மாற்றுப் புடவை, சோப்பு, சீப்பு. ஜெயிலுக்குத் தயாராக எடுத்து வைத்த பை.

“புதுசா சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க,” என்றார். “நான்தான் செக் பண்ணேன். தப்பாப் பண்ணிட்டேன்.”

“ரெண்டாவதையுமா?” என்றார் மேடம்.

“ரெண்டும்தான்.”

“தறி ஓடிக்கிட்டு இருந்துச்சா?”

“ஓடிச்சு.”

“அலாரத்தை அடிச்சீங்க. அப்புறம்?”

“ஒவ்வொருத்தராப் போய்க் கேட்டேன். கேக்குதுன்னாங்க.”

“எப்படிச் சொன்னாங்க?”

“எப்படின்னா? வாயாலதான்.”

மேடம் என்னைப் பார்த்தார். வாழ்நாளில் முதல் முறையாக நான் வாயை மூடிக்கொண்டு ஒரு வேலை செய்தேன். இரண்டு விரலைச் சேர்த்து வெடுக்கென்று பிரித்துக் காட்டினேன். அக்கா ஒன்றும் புரியாமல் விழித்தார்.

“நூல் அறுந்துடுச்சுன்னு அர்த்தம்மா,” என்றார் மேடம். “அந்தக் கூடத்துல ஒரு நிமிஷம் நின்னவங்களுக்குக்கூட இது தெரியும். அங்க வாயால பேசறவங்க யாருமே இல்ல. தறி ஓடும்போது நீங்க உள்ள காலே வைக்கல. செய்யாத செக்கைச் செஞ்சேன்னு சொல்லி எதுக்கு ஜெயிலுக்குப் போறீங்க? யாரைக் காப்பாத்தறீங்க?”

“யாரையும் இல்ல.”

“உயிரோட இருக்கறவங்க யாரையும் இல்ல. அப்படித்தானே?”

அக்கா எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது, மூடுகிற சத்தம் கேட்கவில்லை. நான் போய் மூடினேன். சுவரில் தலையைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, தன் போனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“மேனேஜர் எனக்கு அனுப்பினது. என் தம்பி அவருக்கு அனுப்பின வாய்ஸ் மெசேஜாம். ‘தறி ஓடும்போது உங்க தம்பியே அடிச்சுப் பாத்துட்டார், அவர் வாயால கேட்டுக்குங்க, டிக் போட்டுடுங்க’ன்னார்.”

பொத்தானை அழுத்தினார். களைத்துப்போன ஒரு ஆண் குரல். ஒரே ஒரு சொல்.

“சரிபாத்தாச்சு.”

அவ்வளவுதான். செத்தவரின் குரலை அன்றுதான் முதலில் கேட்டேன்.

“இதை நம்பித்தான் டிக் போட்டேன்,” என்றார் அக்கா. “இப்ப புரியுது. அவன் அடிச்சே பாக்கல. சும்மா சொல்லியிருக்கான். இது வெளிய வந்தா ஊரு என்ன சொல்லும்? தன் சாவைத் தானே தேடிக்கிட்டான், அத்தனை பேர் உயிரையும் பணயம் வச்சான்னு சொல்லும். அவன் பொண்டாட்டிக்கு மில்லுல ஒண்ணும் தரமாட்டாங்க. மேனேஜரும் அதைத்தான் சொன்னார். ‘நீங்க ஏத்துக்கிட்டா இது நமக்குள்ளயே இருக்கும்’னார். போறது நான் ஒருத்தி. எனக்காக யாரு அழப்போறா?”

எனக்கு மேனேஜரின் கைக்குட்டையை வாங்கி அவன் வாயிலேயே திணிக்க வேண்டும்போல் இருந்தது. மேடம் மறுபடி மறுபடி அந்தச் சொல்லைப் போட்டுக் கேட்டார். திடீரென்று எனக்குப் பொறி தட்டியது.

“மேடம்! பின்னாடி தறிச் சத்தமே இல்ல பாருங்க. ஓடற கூடத்துல நின்னு பேசியிருந்தா குரல் இவ்வளவு சுத்தமா விழுமா? இது பொய்!”

“போனை உள்ள கொண்டுபோகக்கூடாதுங்க,” என்றார் அக்கா அமைதியாக. “லாக்கர்ல வச்சிடணும். பாத்துட்டு வெளிய வந்துதான் பேசியிருப்பான்.”

போச்சு. நான் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்துத் தோல்வியை விழுங்கினேன்.

“ஏம்மா,” என்றார் மேடம், சம்பந்தமே இல்லாமல். “வாசக்கதவு தாழ் விழுந்துச்சா?”

“விழுந்துச்சு. செக் பண்ணிட்டேனே.”

“லொடலொட, வண்டியில பெட்ரோல்?”

“காலையிலயே செக் பண்ணியாச்சு மேடம்.”

“மேனேஜர் நம்மகிட்ட என்ன சொன்னான்?”

“ரெண்டையும் செக் பண்ணியாச்சுன்னு.”

“போலீஸ்ல நீங்க?”

“நான்தான் செக் பண்ணேன்னு,” என்றார் அக்கா. சொல்லும்போதே அவர் நெற்றி சுருங்கியது.

“பேசும்போது எவன் ‘சரிபார்த்தாச்சு’ன்னு சொல்றான்?” மேடத்தின் குரல் தணிந்தது. “படிச்சவனும் சொல்றதில்ல, படிக்காதவனும் சொல்றதில்ல. அது காகிதத்துல இருக்கற சொல். உங்க தம்பி வீட்ல, மில்லுல, எங்கயாவது அப்படிப் பேசி நீங்க கேட்டிருக்கீங்களா?”

“இல்ல. அவனும் செக் பண்ணேன்னுதான் சொல்வான்.” அக்கா தடுமாறினார். “ஆனா திட்டத்துல நான் அப்படித்தான் எழுதியிருக்கேன். முதல் சரிபார்த்தல், இரண்டாம் சரிபார்த்தல்னு.”

“எழுதினது நீங்க. எத்தனை மாசமா அதையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. அதனாலதான் உங்க காதுல அது ஒரே சொல்லா விழுந்துச்சு. அது தெரிஞ்சுதான் அவன் உங்களுக்கு அனுப்பினான். இப்ப நடுவுல ஒரு மூச்சு இருக்கறதா நினைச்சுக்கிட்டுக் கேளுங்க.”

மேடம் பொத்தானை அழுத்தினார். அதே குரல்தான். அதே களைப்புதான். ஆனால் இந்த முறை சத்தியமாக எனக்கு வேறு மாதிரி கேட்டது.

“சரி, பாத்தாச்சு.”

“நாம ‘சரி’ன்னு சொன்னா, சொன்னது சரின்னா அர்த்தம்? கேட்டுக்கிட்டேன்னு அர்த்தம். கடைக்காரன்கிட்ட சரி, கடன்காரன்கிட்ட சரி, போனை வைக்கறதுக்கு ஒரு சரி. உங்க தம்பி ஏதோ ஒண்ணைப் பாத்திருக்கார். பாத்தாச்சுன்னு பதில் சொல்லியிருக்கார். எதை?”

அக்காவின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. “என் முதல் ரிப்போர்ட்டு. தறி நின்னப்போ மீட்டர் வச்சு எடுத்தது. அதை என் தம்பிக்கு அனுப்பறேன்னு மேனேஜர் சொன்னார்.”

“அப்படின்னா அவர் பாத்தது அலாரத்தை இல்ல, ரிப்போர்ட்டை. இது என் ஊகம். ஊகத்தை வச்சு ஒரு கொசுவைக்கூட உள்ள தள்ள முடியாது. அந்த மெசேஜ் இதோட முடிஞ்சுதா, இல்ல இதுக்கு மேல வெட்டிட்டானான்னு பாக்கணும். போன் லாக்கர்லதான் இருக்கும்னீங்க. அப்ப அது எரிஞ்சிருக்காது.”

நான் தோற்றுப்போன இடத்திலிருந்தே மேடம் வழியைக் கண்டுபிடித்துவிட்டார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

“அவகிட்டதான் இருக்கும்,” என்றார் அக்கா. “நீங்க போய்ட்டு வாங்க. அந்த வாசல்ல நான் வந்து நிக்க முடியாது.”

“அப்படி என்னம்மா சண்டை?” என்றேன். இந்த முறை மேடம் காலை மிதிக்கவில்லை.

“அவளுக்குக் குழந்தை தங்கல. ஆஸ்பத்திரியில படுத்துக்கிடந்தா. நான் போனேன். போய் ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லாம, எப்ப வலி வந்துச்சு, என்ன சாப்பிட்டே, எங்க தப்பு நடந்துச்சுன்னு என் வேலையில கேக்கற மாதிரியே கேட்டுட்டேன். வாய் அப்படிப் பழகிப்போச்சு. அன்னையோட என் தம்பி பேச்சை நிறுத்திட்டான்.”

“நாளைக்கு ஜெயில் வாசல்ல நிக்கத் துணிஞ்சவங்க இந்த வாசல்ல நிக்க மாட்டீங்களா?” என்று மேடம் எழுந்தார். “கிளம்புங்க.”

*

கதவைத் திறந்த பெண் முதலில் மேடத்தைப் பார்த்தாள், பிறகு பின்னால் நின்ற நாத்தனாரைப் பார்த்தாள். முகம் கல்லாகிவிட்டது.

“இவங்களை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க? பதிலைக் கொண்டுவாங்கன்னுதானே சொன்னேன்?”

“பதில் இவங்ககிட்ட இல்லம்மா. உங்ககிட்ட இருக்கு. அவரோட போன் எங்க?”

அவள் தயங்கினாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்தாள். மில்லில் லாக்கரைத் திறந்து கொடுத்தபடியே ஒட்டி வைத்திருந்தது.

“நான் பிரிக்கவே இல்ல. உள்ள அவர் குரல் இருக்கும். கேட்டா நான் தாங்கமாட்டேன்,” என்றாள்.

“கேட்டுத்தான் ஆகணும்.”

கவரைப் பிரித்து, சார்ஜரில் போட்டு, உயிர் வரும்வரை நால்வரும் அந்தச் சின்னக் கூடத்தில் நின்றோம். உட்காருங்கள் என்று சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. அக்கா வாசற்படியைத் தாண்டி ஒரு அடிகூட முன்னால் வரவில்லை. திரையில் வெளிச்சம் வந்ததும், பார்க்காமலே அவள் விரல் கோடு இழுத்துப் பூட்டைத் திறந்தது. மேனேஜரின் பெயருக்குக் கீழே அந்த வாய்ஸ் மெசேஜ் இருந்தது. எங்களிடம் இருந்ததைவிடப் பல மடங்கு நீளம். மேடம் ஸ்பீக்கரில் போட்டார்.

“சரி, பாத்தாச்சு சார், அக்கா ரிப்போர்ட்டை. அக்கா செஞ்சா கரெக்டாத்தான் இருக்கும். ஆனா இது தறி நிக்கும்போது எடுத்தது. ஓடும்போது ஒரு தடவ அடிச்சுப் பாக்காம நான் ஓகே சொல்லமாட்டேன் சார், பசங்க உயிரு. அக்கா என்னைக்கு வரும்னு கேட்டுச் சொல்லுங்க. நானே கேட்டுடுவேன், ஆனா அக்காகூடப் பேசமாட்டேன்னு வீட்ல வாக்கு குடுத்திருக்கேன். நீங்களே கேட்டுச் சொல்லிடுங்க சார்.”

அதற்குக் கீழே மேனேஜர் எழுத்தில் அனுப்பியிருந்த பதில். மேடம் வாய்விட்டுப் படித்தார்.

“‘அக்கா வந்து தறி ஓடும்போதே செக் பண்ணிட்டாங்க. எல்லாம் ஓகே. கவலை வேண்டாம்.’”

அதற்கும் கீழே, செத்தவர் எழுதிய கடைசி வரி. மேடம் அதையும் படித்தார்.

“‘அக்கா பாத்துட்டாங்கன்னா போதும் சார்.’”

பாவிப்பயல்! தம்பியிடம் அக்கா பார்த்துவிட்டாள் என்றும், அக்காவிடம் தம்பி பார்த்துவிட்டான் என்றும் சொல்லி, யாருமே பார்க்காத ஒரு அலாரத்தைச் சுவரில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். ஓடும்போது அடித்தால் கேட்காது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தால் பெரிய விளக்குகள் போட வேண்டும், வேலையை மறுபடி செய்ய வேண்டும், ஒப்படைக்கிற தேதி தள்ளிப்போகும். தேதி தள்ளாமல் முடித்துக் கொடுத்தவன் என்று நல்ல பெயர் எடுப்பதற்காக ஒரு மனிதனை நெருப்பில் விட்டுவிட்டான்.

அக்கா கதவு நிலையைப் பிடித்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்தார். “அவன் சோம்பல்படலை,” என்றார். “நான் அவனைச் சந்தேகப்பட்டுட்டேன். கடவுளே, என் தம்பியைச் சந்தேகப்பட்டுட்டேன்.”

மேடம் இன்ஸ்பெக்டருக்கு எல்லாவற்றையும் அனுப்பினார். பிறகு மேனேஜரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், எங்கயும் போயிடாதீங்க. இன்ஸ்பெக்டர் வர்றார்.”

“எதுக்கு மேடம்?”

“உங்களைச் செக் பண்ணத்தான்,” என்றேன் நான். அடக்க முடியவில்லை.

“இன்சார்ஜ் போன் எங்க கையில இருக்கு,” என்றார் மேடம். “வெட்டாத மெசேஜ். உங்க பதிலும் இருக்கு.”

அவன் கத்த ஆரம்பித்தான்.

“என்னை மட்டும் சொல்றீங்களே மேடம்! கூடப்பிறந்ததுங்க ரெண்டும் ஒரே ஒரு தடவ போன் பண்ணிப் பேசியிருந்தா இது நடந்திருக்குமா? ‘நீ பாத்தியா’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே போதுமே! அதுக்கு நானா பொறுப்பு?”

“அவங்க கேட்டுக்கமாட்டாங்கன்னு தெரிஞ்சுதானே சார் செஞ்சீங்க,” என்று சொல்லி மேடம் போனை வைத்தார்.

ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும், ஸ்பீக்கரில் போட்டிருக்கக்கூடாது என்று எனக்குப் புரிந்துவிட்டது. மேடத்துக்கும் புரிந்திருக்க வேண்டும். வெறும் போனைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“அவனுக்கு என்ன தண்டனை கிடைக்கும் மேடம்?” என்றாள் அவள்.

“கிடைக்கும்மா. நிச்சயம் வருஷக்கணக்குல உள்ள இருப்பான்.”

“எனக்கு?”

நான் லொடலொட. எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பேன். அன்று சார்ஜர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

“வாக்கு வாங்கினது நான்தான் அண்ணி,” என்று அவள் நாத்தனாரின் பக்கம் திரும்பினாள். “ஆஸ்பத்திரியில நீங்க போனதும், இனிமே அவங்ககூட ஒரு வார்த்தை பேசமாட்டேன்னு சொல்லுங்கன்னு அழுதேன். என் கையைப் பிடிச்சு சரின்னார். எத்தனையோ நாள் உங்களுக்குப் போன் பண்ணலாமான்னு கேட்டார். வாக்கு குடுத்தீங்கல்லன்னு சொல்லிச் சொல்லி வாயை அடைச்சேன். என்னாலதான் கேக்காம செத்தார்.”

அவள் சொன்னது பொய் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. முழு உண்மை என்றும் சொல்ல முடியவில்லை. தரையில் உட்கார்ந்திருந்த அக்கா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டு, கையை நீட்டி அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அவள் அப்படியே மடிந்து உட்கார்ந்தாள்.

“அதை இன்னொரு தடவ போடும்மா,” என்றார் அக்கா. “முதல்லேருந்து போடு. அவன் என்னை அக்கான்னு சொல்லிக் கேட்டு ரெண்டு வருஷமாச்சு.”

அவள் போனை நாத்தனாரின் காதருகே கொண்டுபோய் அழுத்தினாள்.